ரசமட்டம்

வண்டித் தளத்தின் குறுக்கே ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி இடப்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது,
யாரும் உட்காராத இருக்கையின் பக்கம்.
ஜெலுத்தோங் ஒர்க்‌ஷாப்பின் தரை நேர்தான்;
முதலில் அதைத்தான் பார்த்தேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்து ஹைலக்ஸ்.
மூன்று லட்சத்து எண்பதாயிரத்தில்
மீட்டர் எண்ணுவதை நிறுத்திவிட்டது.
கடையில் பாதியை எடுத்துக்கொண்டு
லோகசுந்தர் ஈப்போவுக்குப் போனதிலிருந்து
ஒன்பது வருடம் நான் மட்டும்.
என் அறுபத்தெட்டு கிலோவை
வலப்பக்க ஸ்பிரிங் பட்டைகள்
கொஞ்சம் கொஞ்சமாக மனப்பாடம் செய்திருக்கின்றன.
"இருபத்திரண்டு மில்லிமீட்டர்" என்றான் பூன் ஹாக்,
டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

நான் விற்பது கண்ணாடி.
துன் சார்டோன் சாலையில் எத்தனை வளைவென்று
என் உடைசல் கணக்கைக் கேட்டால் சொல்லும்.
ஜனவரியில் ஓர் அலமாரிக் கதவு.
மார்ச்சில் மூன்று, மூன்றும் ஒரே வளைவில்,
டுரியான் கொட்டகை தாண்டி
சாலைக்குக் குறுக்கே தண்ணீர் ஓடும் இடத்தில்.
அங்கே பின்பக்கம் தன்போக்கில் வெளியே போகும்.
ஸ்டியரிங்கைத் திருப்பினால்
கடன் கேட்கும்போது அக்கா வீட்டுக்காரர் யோசிப்பதுபோல்
யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

"இருக்கிற கட்டில் இன்னொரு பட்டை சேர்த்தால் மலிவு."
சேர்த்தால் தூக்கும், தெரியும்.
இறக்கிவிட்டு வெறும் வண்டியாய் வரும்போது
தவளையாய்க் குதிக்கும், அதுவும் தெரியும்.
சரக்கில்லாத பாதித் தூரத்துக்கும்
எனக்கு இடுப்பு உண்டு.

பேசிப் பேசி முடிவானது:
நான்கு மூலைக்கும் புதுக் கட்டு, கொஞ்சம் மெல்லிய பட்டைகள்,
கேஸ் அடைத்த அப்சோர்பர் நான்கு, எல்லாப் புஷ்ஷும்.
இரண்டாயிரத்து நானூறு வெள்ளி.
உடைந்த கண்ணாடிகளை மனதுக்குள் கூட்டிப் பார்த்து
பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

யூ போல்ட் அசையவில்லை.
ஷஃபிகுல் நெருப்பு வைத்தான், ஏதோ வங்காளத்தில் திட்டினான்,
மறுபடி நெருப்பு வைத்தான்.
கழற்றிப்போட்ட பழைய அப்சோர்பர் ஒன்றை
உள்ளங்கையால் அழுத்தினேன்.
மறுப்பே சொல்லாமல் உள்ளே போனது.
வெளியே வரவும் இல்லை.
அதைக் கீழே வைத்துவிட்டு
தே ஓ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் பாலிக் புலாவுக்கு ஒரு நாலடிக் கண்ணாடி.
கேபினுக்குப் பின்னால், முகம் முன்னோக்கி,
போர்வை போர்த்தாமல் வேண்டுமென்றே கட்டினேன்.
தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடி
பின்னாலிருந்த பெரிய கண்ணாடியைப் பார்க்க,
அதில் தெரிந்தது எனக்கு முன்னால் இருக்கும் மலை.
முன்பென்றால் ஒரு குழிக்கு
நான்கு முறை ஆடியிருக்கும் அந்த மலை.
இன்று சாய்ந்தது. நிமிர்ந்தது.
அவ்வளவுதான், நின்றுவிட்டது.

தண்ணீர் ஓடும் வளைவில்
வழக்கம்போல் தோள் இறுகியது.
வளைவு முடிந்து, அடுத்ததும் முடிந்து
இன்னும் இறுகியே இருந்தது.
அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

கண்ணாடியில் வேறு சிலவும் இருந்தன:
என் பின்னந்தலை, நான் பார்த்திராத நரை,
காலி இருக்கையின் முதுகு.
கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய சரக்கு அது.
அதிகம் பார்க்கவில்லை.

மாட்டி முடித்ததும் ஸஹாரா தலையைச் சாய்த்தாள்.
"கோணலா இருக்கே."
ரசமட்டம் வைத்தேன். குமிழி நடுவில்.
"கண்ணாடி நேர். சுவர்தான் சாய்ந்திருக்கிறது.
அதற்கு வேறு ஆளைக் கூப்பிடணும்."

இறங்கும்போது
ரசமட்டத்தை இடப்பக்க இருக்கையில் படுக்கவைத்தேன்.
வளைவுக்கு வளைவு
குமிழி போனது, வந்தது.
முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் எங்கோ
கீச்சென்று ஒரு புதுச் சத்தம்.
போன வாரம் அது இல்லை.
வெள்ளிக்கிழமை பூன் ஹாக்கிடம் கேட்க வேண்டும்.